லீவு கேட்பது யாரிடம்?

வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"அக்கா, வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன், வயது 31, பெயர் போட வேண்டாம். ஐந்து வருடமாக வீட்டிலிருந்தே ஆன்லைனில் கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். மணிக்கு 9 டாலர் ரேட். கமிஷன் எல்லாம் போக மாதம் சராசரியாக 80,000 ரூபாய் கைக்கு வரும். நாலு கிளையன்ட், அதில் அமெரிக்காவில் ஆன்லைன் கடை நடத்தும் ஒருவரிடமிருந்து மட்டுமே பாதிக்கு மேல் வருகிறது. இத்தனை வருடத்தில் சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட லீவு எடுத்ததில்லை. போன வருடம் குலதெய்வம் கோயிலில் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. அங்கே சிக்னல் இல்லை. கீழே குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்கிறது, நான் ஊர்த் தண்ணீர்த் தொட்டிப் படியில் பாதி ஏறி நின்று பேனர் ஃபைல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார். இந்த ஆடியில் பத்து நாள் வேண்டும், அம்மா வீடு, அப்புறம் குற்றாலம். கிளையன்ட்டிடம் லீவு கேட்பது எப்படி? கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ? ரேட்டிங் விழுமா? உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு கேட்கலாமா? என் அக்கவுன்ட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போகலாமா? லேப்டாப்பைக் கூடவே எடுத்துப்போனால் சமாளித்துவிடலாமே என்கிறார் வீட்டுக்காரர்."

ஈரோட்டுத் தங்கச்சிக்கு,

கடிதத்தில் இரண்டு இடத்தில் "லீவு கேட்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். யாரிடம் கேட்பது? அந்த அமெரிக்கக்காரர் உங்களுக்கு முதலாளி இல்லை. பி.எஃப். கட்டுகிறாரா, தீபாவளி போனஸ் கொடுக்கிறாரா, ஜுரம் வந்து படுத்தால் அன்றைய கூலி தருகிறாரா? இல்லை அல்லவா. அதையெல்லாம் தராமல் இருப்பதற்காகத்தான் ஃப்ரீலான்சரை வைத்திருக்கிறார், அதில் தப்பும் இல்லை, அது வியாபாரம். ஆனால் அந்த வியாபாரத்தில் உங்களுக்குக் கிடைத்த ஒரே லாபத்தை, அதாவது நம் நாள் நம் கையில் என்பதை, நீங்களே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப அதையே கைநீட்டிக் கேட்கிறீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது இல்லை, தெரிவிப்பது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இருக்க மாட்டேன்" என்று.

சொல்வது சுலபம், தெரியும். நான் கோயம்புத்தூரில் ஆடிட்டர். உங்களைப் போல ஆன்லைனில் வேலை செய்கிற நிறையப் பேருடைய கணக்கு என்னிடம் இருக்கிறது, எழுத்தாளர், வீடியோ எடிட்டர், சாஃப்ட்வேர் எழுதுகிற பையன்கள் என்று. அதனால் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்கிற மாதிரியான ஆலோசனை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது கணக்கு. லீவு பயம் என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் இருப்பது கணக்குப் பயம்தான், அதைத் தாளில் எழுதிப் பார்த்தால் பாதி குறையும்.

எழுதிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்று 1947-லிருந்தே ஒன்று இருக்கிறது. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடித்துப் போடுகிற பெண்ணுக்கு, ஒரு வருடம் வேலை பார்த்து முடித்திருந்தால், அந்தச் சட்டப்படி சம்பளத்தோடு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் உடம்பு சரியில்லாத விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு. போதாததற்கு 1958-ல் வந்த இன்னொரு சட்டப்படி தேசிய விடுமுறை நாலு, பண்டிகை விடுமுறை ஐந்து. கூட்டினால் 45 நாள், வார விடுமுறை தனி. கடை முதலாளிகள் இதையெல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள், அது வேறு கதை, அதை எழுத உட்கார்ந்தால் இந்தப் பதில் முடியாது. நான் சொல்ல வருவது, ஒரு சம்பளக்காரருடைய சம்பளத்துக்குள் அவர் வராத நாளுக்கான காசும் சேர்ந்தே இருக்கிறது என்பதை. உங்கள் 9 டாலருக்குள் அது இருக்கிறதா? ஐந்து வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவருடைய ப்ரொஃபைலைப் பார்த்து, அவர் 10 போட்டிருக்கிறார், நாம் 9 போடுவோம் என்று போட்ட ரேட்தானே அது? (கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வருகிற எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.)

வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 312 நாள். 45 வேண்டாம், கஞ்சத்தனமாக 30 நாள் மட்டும் உங்களுக்கு நீங்களே லீவு ஒதுக்குங்கள். அதில் பத்து நாள் ஊருக்குப் போக, பத்து நாள் பொங்கல் தீபாவளி கல்யாணம் காதுகுத்துக்கு, மீதி பத்து நாளைத் தொடக் கூடாது, அது காய்ச்சலுக்கு. மிச்சம் 282 நாள். 312 நாளில் சம்பாதித்ததை 282 நாளில் சம்பாதிக்க வேண்டும் என்றால் ரேட் கிட்டத்தட்ட பத்தரை சதவீதம் ஏற வேண்டும். 9 டாலர் 9.95 ஆகிறது. பத்து என்று போடுங்கள். அவ்வளவுதான் விஷயம். ஐந்து வருடமாக நீங்கள் லீவு எடுக்காமல் இருந்தது இந்த ஒரு டாலருக்காக.

ஐந்து வருடம் ஒழுங்காக வேலை செய்தவர் ஒன்பதைப் பத்தாக்கினால் எந்தக் கிளையன்ட்டும் ஓடுவதில்லை. ஓடினால் அவர் எட்டரைக்கு யாராவது கிடைத்தாலும் ஓடியிருப்பவர். ஆனால் லீவு சொல்கிற அதே மெசேஜில் ரேட்டையும் சொல்லாதீர்கள். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும், "இவள் ஏதோ கிளம்பப் பார்க்கிறாள்" என்று. புதிதாக வருகிறவர்களுக்கு இன்றிலிருந்தே பத்து, பழைய நாலு பேருக்கும் லீவு முடிந்து வந்து ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம்.

ரேட் ஏறினால் மட்டும் போதாது, ஏறின காசு சேலையாக மாறிவிடக் கூடாது. வருகிற ஒவ்வொரு பேமென்ட்டிலும் ரூபாய்க்குப் பத்துப் பைசா எடுத்துத் தனி சேமிப்புக் கணக்கில் போடுங்கள், அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். மாதம் 80,000 என்றால் 8,000, வருடத்துக்கு 96,000. உங்கள் ஒரு நாள் வருமானம் இப்போது சுமார் 3,080 ரூபாய், முப்பது நாளுக்கு 92,400. சரியாக வருகிறது பாருங்கள். லீவில் இருக்கும்போது அந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ள வேண்டும். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் பணம் கணக்குக்கு வந்துவிட்டது என்கிற மெசேஜ் அருவிக்கரையில் நிற்கும்போது போனில் வருவதில் ஒரு சுகம் இருக்கிறது. இந்த ஆடிக்குள் அவ்வளவு சேராது, இந்த முறை கையிருப்பிலிருந்து எடுங்கள். ஆனால் வருமான வரிக்கு என்று வைத்திருக்கிற காசில் கை வைக்காதீர்கள். சம்பளக்காரருக்கு மாதாமாதம் வரி பிடித்து மிச்சம் வருகிற மாதிரி நமக்கு வருவதில்லை. கைக்கு வருவதில் ஒரு பங்கு வரிக்கானது, முன்கூட்டிய வரிக்கு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நாலு தேதி இருக்கிறது. உத்தேச வருமான முறையில், அதாவது செலவுக் கணக்கு எழுதாமல் வரவில் ஒரு பங்கையே வருமானம் என்று, கணக்குக் காட்டுகிறவராக இருந்தால் மார்ச் 15 ஒன்று மட்டும். ஆடி மாதம் ஊர் சுற்றிவிட்டு செப்டம்பர் 14 இரவு எனக்குப் போன் செய்து அழுகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

காசு விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, பல பேர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். லீவினால் வருகிற பள்ளம் லீவு நாட்களில் தெரியாது. உதாரணத்துக்கு, ஃப்ரீலான்சரையும் கிளையன்ட்டையும் சேர்த்துவைக்கிற அப்வொர்க் தளத்தில் மணிக்கணக்கு வேலை என்றால், வாரம் ஞாயிறு நள்ளிரவு முடிகிறது, உலகப் பொது நேரப்படி (UTC), நமக்குத் திங்கள் அதிகாலை ஐந்தரை. அந்த வாரத்துக் காசு கைக்கு எடுக்கிற மாதிரி வர அதற்கப்புறம் பத்து நாள் ஆகும். அதாவது நீங்கள் குற்றாலத்தில் இருக்கும்போது கிளம்புவதற்கு முந்தின வாரங்களில் உழைத்த காசு வந்துகொண்டிருக்கும், ஆகா, லீவிலும் பணம் வருகிறதே என்று தோன்றும். வீட்டுக்குத் திரும்பி, சம்சாரம் பழையபடி ஓட ஆரம்பித்து, கேஸும் கரண்ட் பில்லும் வருகிற வாரத்தில் அக்கவுன்ட் காலியாக இருக்கும். அப்போது வருகிற பயத்தில் "இனிமேல் லீவே எடுக்கக் கூடாது" என்று முடிவு செய்கிறார்கள். பள்ளம் எந்த வாரத்தில் விழும் என்று இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள், அந்த வாரத்துக்கு வேண்டிய காசைத் தொடாமல் வையுங்கள்.

இதே தாமதத்தை உங்கள் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்ட வேலை ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். அப்வொர்க்கில் அதைப் பார்த்துச் சரி சொல்லக் கிளையன்ட்டுக்கு 14 நாள் உண்டு, ஒன்றும் சொல்லவில்லை என்றால் பணம் தானாக விடுபடும். நீங்கள் வீட்டில் இருந்தாலும் அந்த 14 நாள் காத்திருக்கத்தான் போகிறீர்கள், அதை அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருங்கள். ஒரே ஒரு ஆபத்து, அவர் திருத்தம் கேட்டு எழுதினால் பார்க்க ஆள் இல்லை. அதனால் கிளம்புகிற அன்றைக்குச் சமர்ப்பிக்காதீர்கள், நாலைந்து நாள் முன்னாலேயே.

ரேட்டிங் விழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து நாள் ஆன்லைனில் இல்லை என்பதற்காக விழுவதில்லை. ஒப்புக்கொண்ட தேதி தவறினால் விழும், கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் கிளையன்ட் கடுப்பாகி மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டால் விழும். அப்வொர்க் மாதிரியே இன்னொரு தளமான ஃபைவரில் இதற்கென்றே வெளியூர் போயிருக்கிறேன் என்று தேதி போட்டு வைக்கிற வசதி இருக்கிறது, போட்டுவிட்டால் புது ஆர்டர் வராது. ஆனால் ஏற்கெனவே கையில் எடுத்த ஆர்டர்களின் கெடு அதற்காக நிற்காது, கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது தெரியாமல் லீவு போட்டாயிற்று என்று நிம்மதியாகக் கிளம்பி, திரும்பி வந்து பார்த்தால் மூன்று ஆர்டர் கெடு தாண்டிச் சிவப்பாக நின்றதாக ஒரு பையன் சொன்னான். ஆகவே கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே புது வேலை எடுப்பதை நிறுத்துங்கள். கடைசி வாரம் இருப்பதை முடிக்க மட்டும். இந்த இடத்தில்தான் மனசு கேட்காது, சரியாக அந்த வாரம் பார்த்து நல்ல வேலை ஒன்று வந்து கதவைத் தட்டும். "ஆடி பிறந்து மூன்றாவது வாரம் ஆரம்பிக்கலாமா?" என்று, ஆடியை ஆகஸ்டாக மாற்றிக்கொண்டு, கேளுங்கள். நிஜமாகவே உங்கள் வேலை பிடித்து வந்தவர் காத்திருப்பார்.

இப்போது அந்த அமெரிக்கக்காரருக்கு வருவோம். ஆடி நல்ல மாதம். நமக்குக் கல்யாணம் இல்லை, ஐரோப்பாவில் ஆகஸ்ட் என்றால் பாதி ஊர் கடற்கரைக்குப் போய்விடும், அமெரிக்காவில் ஆன்லைன் கடைக்காரர்களுக்கு நவம்பர் கூட்டத்துக்கு முந்தின அமைதி. உங்கள் ஆள் விற்பது பள்ளிக்கூடச் சாமான் இல்லை என்றால், அங்கே ஆகஸ்ட் செப்டம்பரில் பள்ளி திறக்கிறது, அது மட்டும்தான் இடிக்கும். தீபாவளிக்கு லீவு எடுப்பதுதான் உங்கள் தொழிலில் கஷ்டம். நவம்பர் நாலாவது வியாழன் அவர்களுக்கு நன்றி சொல்லும் நாள், மறுநாள் பிளாக் ஃப்ரைடே, அதற்கான பேனர் வேலை முழுக்க அக்டோபரிலும் நவம்பரிலும் வந்து குவியும். தீபாவளி நாட்களை செப்டம்பரிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். பொங்கலுக்கு அவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முன், டிசம்பர் முதல் பாதியில் சொல்ல வேண்டும், ஜனவரி முதல் வாரம் புது வருட உற்சாகத்தில் இருக்கும்போது சொன்னால் எடுபடாது. டிசம்பர் 24-லிருந்து ஜனவரி 1 வரை பெரும்பாலும் அவர்களே இருக்க மாட்டார்கள். அந்த ஒரு வாரம் யாரும் ஒன்றும் கேட்காத லீவு உங்களுக்கு வருடாவருடம் சும்மா கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது, நீங்கள்தான் திரை முன்னால் உட்கார்ந்து இன்பாக்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள்.

ஒரு சின்ன விஷயம், உங்களுக்கு ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ கிளையன்ட் இருந்தால் லீவு சொல்வதற்குத் தயங்கவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை பார்ப்பவருக்கு வருடத்துக்குக் குறைந்தது நாலு வாரம் சம்பளத்தோடு லீவு என்பது சட்டம், அவர்களுக்கு நீங்கள் லீவே எடுக்காததுதான் விநோதம். அமெரிக்காவில் தனியார் முதலாளி சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் எதுவும் கிடையாது. அந்த ஊர்க்காரரிடம் சொல்லும்போது உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருப்பது இதனாலும் இருக்கலாம். ஆனால் அவர்களுக்குத் தேதி தெளிவாக இருந்தால் போதும், மற்றது பற்றிக் கவலைப்படுவது நம் ஊர்ப் பழக்கம்.

மெசேஜ் எப்படி எழுதுவது? நாலு வரி போதும். முதல் வரியில் இருக்க மாட்டேன் என்கிற தேதியும் திரும்புகிற தேதியும். இரண்டாவதில் கிளம்புவதற்கு முன் என்னென்ன முடித்துக் கொடுப்பேன் என்பது. மூன்றாவதில் அந்தப் பத்து நாளில் அவருக்குத் தேவைப்படக்கூடியது எது என்று நீங்களே யோசித்து, அதை முன்கூட்டியே செய்து தருகிறேன் என்பது, அதாவது ஆகஸ்ட் இரண்டாவது வாரத்துக்கு ஒரு தள்ளுபடி பேனர் வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் அதை இப்போதே. நாலாவதில், வேறு ஏதாவது வேண்டுமானால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள். முடிந்தது. மன்னிப்பு வேண்டாம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கடைசியில் ஒரு கேள்வி வேண்டாம். அந்தக் கேள்வியைப் போட்டீர்களானால் திரும்பவும் கேட்கிற ஆளாகிவிடுகிறீர்கள். காரணமும் வேண்டாம். நம் ஆட்கள் காரணம் எழுத ஆரம்பித்தால் பெரியப்பா மகளின் நாத்தனார் வரைக்கும் போகும், பாவம் அவருக்கு நாத்தனார் என்றால் யார் என்று விளக்க இன்னொரு பத்தி.

உடம்பு சரியில்லை என்ற பொய்யும் வேண்டாம். தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தப் பொய் உங்களுக்கே நஷ்டம். திட்டம் போட்ட லீவு என்றால் முன்னாலேயே சொல்லி முன்னாலேயே வேலையை முடித்துக் கொடுக்கலாம், அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. உடம்பு சரியில்லை என்பதை ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்ல முடியுமா? அன்றைக்குத்தான் சொல்ல வேண்டும், அவர் திண்டாடுவார். நிஜமாக டெங்கு வந்து படுத்தால் அப்போது சொல்ல என்ன இருக்கும்?

தேதி எழுதும்போது அவர் ஊர் நேரத்தில் எழுதுங்கள். நியூயார்க் பக்கம் என்றால் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், நவம்பரில் கடிகாரத்தை மாற்றியதும் பத்தரை. நீங்கள் சனிக்கிழமை காலை கிளம்புவதாக வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரை இருப்பேன் என்று சொன்னால், அவருடைய வெள்ளிக்கிழமை வேலை நேரம் நமக்கு வெள்ளி மாலை தொடங்கி சனி அதிகாலையில் முடியும். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது இரவு பன்னிரண்டு மணிக்கு "ஒரு சின்னத் திருத்தம்" வரும். கடைசி நாள் வியாழன் என்று சொல்லுங்கள். திரும்பும்போதும் அதேபோல ஒரு நாள் கூட்டிச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து துணி துவைக்க, தூங்க.

எவ்வளவு நாளைக்கு முன்னால்? பத்து நாள் லீவுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை, ஒரு வாரம் முன்னால் நினைவூட்ட இன்னொரு தடவை. அதற்கு மேல் சொன்னால் நச்சரிப்பு.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்ற பயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்காமல் சொன்னால், பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வருடம் முழுக்க லீவே எடுக்காமல் இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், அவர் கடையை மூடலாம், ஒரு மென்பொருளை வைத்து பேனர் செய்துகொள்ளலாம். உங்களைத் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏற்றியது சிக்னல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு என்னவோ உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்கிற அந்த ஒரு வரிதான் ஏற்றியது என்று படுகிறது. மற்ற மூன்று பேரும் அன்றைக்கு ஃபைல் கேட்டிருந்தால் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்று எழுதியிருப்பீர்கள்தானே? இதை இந்த ஆடிக்குள் சரி செய்ய முடியாது. ஆனால் அடுத்த ஆடிக்குள் எந்த ஒரு கிளையன்ட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொள்ள முடியும். அவரைக் குறைக்கச் சொல்லவில்லை, மற்றவர்களைக் கூட்டச் சொல்கிறேன். இப்போது இருக்கிற மூன்று சின்னக் கிளையன்ட்களிடம் இன்னும் என்ன வேலை இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், புது ஆளைத் தேடுவதைவிட அது லேசு.

தோழியிடம் அக்கவுன்ட்டைக் கொடுப்பது கூடவே கூடாது. அப்வொர்க், ஃபைவர் இரண்டிலுமே ஒருவர் கணக்கை இன்னொருவர் பயன்படுத்துவது விதிமீறல், தெரிந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள், ஐந்து வருட ரேட்டிங் அதோடு சரி. பத்து நாளுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். ஆள் கட்டாயம் வேண்டும் என்றால் கிளையன்ட்டிடம் வெளிப்படையாகச் சொல்லி, தோழியை அவருடைய சொந்தக் கணக்கில் அறிமுகப்படுத்திவிடலாம். தோழி கிளையன்ட்டை எடுத்துக்கொண்டுவிடுவாளோ என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறது இல்லையா, தோன்றினால் அந்தத் தோழி வேண்டாம். பேனர் வேலையில் பத்து நாள் தாங்காத அவசரம் எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். சர்வர் பார்த்துக்கொள்கிறவர் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

என் சொந்தக் கதை ஒன்று. ஆடிட்டர் ஆவதற்கு முன்னால், படித்துக்கொண்டே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்கு ஐந்து நாள். எல்லாம் ஒழுங்காகத் தேதி சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு மரியாதைக்கு "அவ்வப்போது மெயில் பார்ப்பேன்" என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாம் நாள் ஒரு மெயில், ஒரே ஒரு சந்தேகம். பதில் போட்டேன். பதில் வருகிறது என்று தெரிந்ததும் அன்று மாலைக்குள் இன்னும் நாலு. நாலாம் நாள் எல்லோரும் ஏரியில் படகில் போய்க்கொண்டிருந்தபோது நான் லாட்ஜ் அறையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு மாதத்து வங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது, பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தது நான். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாதீர்கள். போனிலும் வேலைக்கான ஆப்களின் அறிவிப்பை நிறுத்திவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கிளையன்ட் யாரும் இருந்தால் வந்ததும் முதல் வேலையாக அவரை அங்கிருந்து மெயிலுக்கு மாற்றுங்கள், அண்ணியின் குட்மார்னிங்கும் அவருடைய திருத்தமும் ஒரே இடத்தில் வந்தால் லீவு எப்படி லீவாகும்.

அப்புறம் வீடு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெண் என்பதால் சொல்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பெண் லீவு என்று சொன்னதும் வீட்டில் எல்லோர் முகமும் மலரும், மாவு அரைக்க வேண்டியது, பரணைச் சுத்தம் செய்ய வேண்டியது, மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி, எல்லாம் அந்தப் பத்து நாளுக்குள் வரிசையாக வந்து உட்காரும். "லீவுதானே" என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது. கிளையன்ட்டிடம் தேதி சொன்னது போலவே வீட்டிலும் சொல்லுங்கள்: முதல் நாலு நாள் அம்மா வீடு, அப்புறம் நாலு நாள் குற்றாலம், கடைசி இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருக்கப் போகிறேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் நாள் ஒதுக்கியிருக்கிறாள் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35-லிருந்து 40 மணி செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். அதில் டிசைன் வேலையை மட்டும் எண்ணினால் நீங்கள் தப்பிக்கலாம், மாவு அரைத்ததையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மெசேஜை இன்றைக்கே அனுப்புங்கள், நம் நேரம் இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்பினால் அவர் காலையில் வேலைக்கு உட்காரும் நேரமாக இருக்கும். அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டாம். பெரும்பாலும் "நல்லது, ஜாலியாக இருங்கள்" என்று ஒரே வரியில் பதில் வரும், அந்த ஒரு வரிக்காகவா ஐந்து வருடம் பயந்தோம் என்று உங்களுக்கே கோபமாக வரும்.

லேப்டாப் பற்றி வீட்டுக்காரர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எடுத்துப்போக வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் முதல் தடவை, கை சும்மா இருக்காது, பையில் அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் பஸ் ஏறுவேன் என்றால் எடுத்துப்போங்கள். சார்ஜரை மட்டும் ஈரோட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.